அக்னி மூலையில் ஒரு கம்ப்யூட்டர்

முக்கால் வருஷம் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் அடுப்படியில் இருந்தது. கேஸ் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் கதவு போட்ட அலமாரி. கீழ்த்தட்டில் எண்ணெய்த் தூக்கு, நடுத்தட்டில் கம்ப்யூட்டர் பெட்டி, மேல்தட்டில் அப்பள டப்பா. என் மாமியாரின் தங்கை கறம்பக்குடியிலிருந்து வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கேக் மட்டுந்தானா, கோழியும் வேகுமா?" என்று கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அடுப்படியில் இருக்கிற பெட்டியைப் பார்த்து வேறென்ன கேட்பது?

அதை அங்கே கொண்டுபோய் வைத்த பெருமை வாஸ்து நிபுணர் அருள்மணியைச் சேரும். நிபுணர் ஆவதற்கு முன்னால் அவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு போர் போட இடம் காட்டிக்கொண்டிருந்தவர். கந்தர்வக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் அவர் காட்டிய இடங்களில் பாதியில் தண்ணீருக்குப் பதிலாகப் புகைதான் வந்தது. பூமிக்கு அடியில் இருப்பதைச் சொன்னால் குழி தோண்டிச் சரிபார்த்துவிடுகிறார்கள் என்று கண்டுகொண்டாரோ என்னவோ, வீட்டுக்குள் இருப்பதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இதில் தோண்டிப் பார்க்க ஒன்றுமில்லை.

என் மாமனார் ஆவுடையப்பன் முந்திரிக்கொட்டை வாங்கி விற்பவர். அந்த வருஷம் விலை படுத்துவிட்டது. கத்தாரில் இருக்கும் மகனுக்கு, அதாவது என் வீட்டுக்காரர் சிவபிரகாஷுக்கு, வரவேண்டிய சூப்பர்வைசர் பதவியும் இழுத்துக்கொண்டே போனது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து என்று அருள்மணியைக் கூப்பிட்டார். அவர் செல்போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக நுழைந்தார். கடைசியில் எங்கள் அறைக்கு வந்தார்.

"வடகிழக்கு என்ன மூலைங்க? ஈசானியம். தண்ணி இருக்க வேண்டிய எடம். இங்க போயி நெருப்பைக் கொண்டாந்து வச்சிருக்கீங்களே!"

"அது கம்ப்யூட்டருங்க" என்றேன்.

பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தார். "சூடா இருக்கா இல்லையாம்மா?"

"ஓடுறப்ப சூடாத்தான் இருக்கும்."

"சூடாகுறது அம்புட்டும் நெருப்புதான். அக்னி மூலைக்குத்தான் போகணும்" என்று மாமனாரைப் பார்த்துச் சொன்னார். அக்னி மூலை என்றால் தென்கிழக்கு. தென்கிழக்கில் இருந்தது அடுப்படி.

அப்படியே போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "புருஷன் பொண்டாட்டி ஈசானியத்துல படுக்கக் கூடாது. ஆனா இங்க புருஷன் ஊர்ல இல்ல பாருங்க, அதனால தோஷம் கெடையாது." என் கல்யாண வாழ்க்கையை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை. மாமனார் தலையை ஆட்டினார். மாமியார் மீனம்மாள் காபி கொண்டுவந்து கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பெட்டி அலமாரிக்குள் போனது. திரையை மேடையின் கோடியில் வைத்தார்கள். அங்கே இருந்த மிக்சி ஹாலுக்குப் போனது. மிக்சி சூடாகாதா என்று கேட்டேன். "எதுக்கெடுத்தாலும் ஒரு கேள்வி" என்று மாமியார் முணுமுணுத்தார். அதோடு வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கம்ப்யூட்டர் எனக்கு என்ன என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். அது சிவபிரகாஷ் திருச்சியில் படித்தபோது கேம் விளையாடுவதற்காகவே வாங்கியது. எனக்கு முன்னால் அந்த வீட்டுக்கு வந்தது. கல்யாணம் முடிந்து அவர் விமானம் ஏறுவதற்குள், வல்லத்திராக்கோட்டையில் என் தம்பியோடு போட்டி போட்டு விளையாடிப் பழகிய நான், அவரை எல்லா விளையாட்டிலும் தோற்கடித்திருந்தேன். கத்தாரில் அவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. வெள்ளிக்கிழமை காலைதோறும் இங்கே நானும் அங்கே அவரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே விளையாட்டில் உட்கார்ந்துவிடுவோம். இரண்டு திருடர்கள் கோட்டைக்குள் ஏறுவது. ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவர் ஏற முடியும்.

கோட்டையும் கயிறும் யாருக்கு வேண்டும்? பேசத்தான் வேண்டும். வீட்டில் போன் வந்தால் அது ஹாலுக்குத்தான் வரும், ஸ்பீக்கரில்தான் வரும். மாமனார் முந்திரி விலை சொல்வார், மாமியார் என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பார், வந்திருக்கிற விருந்தாளிகள் ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசுவார்கள். அப்புறம், "இந்தா, ஒம் பொண்டாட்டி" என்று ஸ்பீக்கரை அணைக்காமலே என்னிடம் நீட்டுவார்கள். "நல்லா இருக்கீங்களா?" "நல்லா இருக்கேன், நீ?" அவ்வளவுதான். தனியாகப் போனில் பேசினால், அப்படி என்ன ரகசியம் என்று மாமியார் முகம் தூக்கிக்கொள்வார். விளையாட்டு என்றால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. சின்னப்பிள்ளைத்தனம் என்று விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நாங்கள் புருஷன் பொண்டாட்டி.

அதையும் அடுப்படிக்குக் கொண்டுபோய் வைத்தாயிற்று. நாங்கள் விளையாடுவதோ வெள்ளிக்கிழமையில். அன்றைக்கு எங்கள் வீட்டில் சாம்பார், இரண்டு கறி, வடை, பாயசம் என்று அடுப்பு அணையாது. அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் தாளிப்பது தெறிக்கும், பல்லி போய்விடும் என்று மாமியார் மூடிவிடுவார். உள்ளே பெட்டி வெந்துகொண்டிருக்கும். வெளியே நான் ஸ்டூலில் உட்கார்ந்து வெந்துகொண்டிருப்பேன். ஒரு அளவுக்கு மேல் சூடேறினால் அந்த மாதிரிக் கம்ப்யூட்டர் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். அந்த வீட்டில் ரோஷம் உள்ள ஒரே ஜீவன் அதுதான். வடைக்கு எண்ணெய் காய்கிற நேரம் பார்த்து, பட்டென்று திரை கறுத்துவிடும். அங்கே கயிறு அறுந்து சிவபிரகாஷ் கீழே விழுந்திருப்பார்.

இதற்கிடையில் சூப்பர்வைசர் பதவி வந்தே விட்டது. மாமனார் அருள்மணிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். அலமாரிக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பதவி வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். காரணம் வேறு. சூப்பர்வைசர் ஆனால் குடும்பத்தைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய கம்பெனி வழக்கம். அவர் எழுதிக் கொடுத்தால் எனக்கு விசா வந்துவிடும். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிக் குடுத்துர்றேன்" என்றார். நியாயம்தானே என்று நானும் இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேன். "மாமாகிட்ட கேட்டீங்களா?"

"அதான் இலக்கியா, நானும் யோசிச்சுக்கிட்டேதான் இருக்கேன். என்னன்னா..."

திரை கறுத்தது. கையால் அலமாரிக் கதவில் ஒரு குத்து விட்டேன். "வடை எடுத்துக்க ஆத்தா, ஆறிரும்" என்றார் மாமியார். மறுவாரமும் கேட்டேன். "சொல்றேன், கேளு" என்பதுவரை வந்தது. அதற்குள் அணைந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் கேள்வியையே முடிக்க விடவில்லை. மாதக்கணக்கில் இப்படியே ஓடியது; நடுவில் போனில் செய்தி அனுப்பிக் கேட்டால், "வெள்ளிக்கிழமை பேசிக்கலாம்" என்று பதில் வரும். என் ஜாதகத்தில் இல்லாத சனி இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எடத்த மாத்துனா போதுங்க. பழையபடி ரூமுல இருந்தா அணையாது. மாமாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்றேன்.

"எடத்துல ஒண்ணுமில்ல. அது பழைய ப்ராசஸர், அதான் சூடாகுது. அதே போர்டுல உக்கார்ற மாதிரி பெருசு ஒண்ணு வாங்கி அனுப்புறேன். மொதல்ல அதைச் சரி பண்ணுவோம். நிம்மதியா ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்குது பாரு."

தலைவலிக்குத் தலையணையை மாற்றுகிற வேலை அது என்று எனக்குத் தெரியும். ப்ராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை, அது பெரிதானால் இன்னும் அதிகமாகத்தான் சூடாகும் என்றும் தெரியும். ஆனாலும் நிம்மதியாகப் பேச வேண்டும் என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லில் நான் மயங்கிவிட்டேன்.

ப்ராசஸரைக் கொண்டுவந்தவர் மணமேல்குடி ஷேக் பரீது. அவரும் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். லீவில் வந்தவர் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கொடுத்தார். சட்டைப்பையிலிருந்து எடுத்தார், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி.

"தங்கத்தக்கூட இப்புடிப் பயந்து கொண்டாந்ததில்லம்மா. நசுங்கிரும் நசுங்கிரும்னு சிவா அம்புட்டு தடவ போன் போட்டாரு." சிரித்தார். அப்புறம் கேட்டார். "நீங்க எப்ப வாரீங்க? எங்க வீட்ல ரசியா கத்தாருக்கு வந்து ரெண்டு மாசமாச்சு. எனக்கும் சிவாவுக்கும் ஒண்ணாத்தான் விசா பேப்பர் குடுத்தாங்க."

"மாமாகிட்ட கேட்டுட்டு எழுதிக் குடுக்குறேன்னு சொல்லியிருக்காங்க."

"இன்னுமா குடுக்கல?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடுத்துருவாரு, குடுத்துருவாரு" என்று பஸ்ஸைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். பரீது அண்ணனுக்கு எங்கள் வீட்டு அடுப்படி தெரியாது, அதனால் அப்படிக் கேட்கிறார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ப்ராசஸர் மாற்றுவதற்கு அருள்மணி போனிலேயே நல்ல நேரம் குறித்துக் கொடுத்தார். வியாழக்கிழமை காலை. அடுப்படியில் இடம் போதாது என்பதால் பெட்டியை ஹாலில் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து மூடியைக் கழற்றியதும் உள்ளே இருந்து வந்தது வெங்காய வாடை. ஃபேன் இதழ்களில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து கரும்பிசின் மாதிரி ஒட்டிக்கிடந்தன. ஒரு கறிவேப்பிலை கூடக் கிடைத்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "அது எப்புடி உள்ள போச்சு?" என்று என்னையே கேட்டார்.

எல்லாவற்றையும் துடைத்தேன். பழைய ப்ராசஸர் மேலே சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகக் கிடந்தது. அதைச் சுரண்டி, கொக்கியைத் தூக்கிப் பழசை எடுத்துவிட்டுப் புதுசை வைத்தேன். மாமியார் குங்குமச் சிமிழோடு வந்துவிட்டார்.

"அதுக்கு மேல வைக்காதீங்க அத்தை. வெளிய பெட்டிக்கு வைங்க."

"சாமி காரியத்துல நல்லது கெட்டது சொல்லாத" என்றார். ஆனாலும் பெட்டிக்கே வைத்தார். நான் புதுப் பேஸ்டை ஒரு துவரம்பருப்பு அளவுக்கு வைத்து ஃபேனை மேலே திருகி முடித்தேன்.

போட்டதும் அருமையாக ஓடியது. எவ்வளவு கனமான விளையாட்டைப் போட்டாலும் மதியம் முழுக்க அசையவில்லை, சூடு ஏறவில்லை. மாமனார் சாப்பிட உட்கார்ந்தவர், "இப்பதான் உசுரு வந்துருக்கு" என்று மெச்சினார். சாயங்காலம், "சரித்தா, நேரம் நல்லாருக்கு, அது எடத்துல வச்சிரு" என்றார். வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. வடைக்கு எண்ணெய் காய்கிற வரைக்கும்கூட அது காத்திருக்கவில்லை. சாம்பார் கொதிக்கும்போதே போய்விட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. சிரிப்பு வந்தது. ஒரு பெட்டியை இருபது அடி தள்ளி வைப்பதற்குப் பதிலாகக் கடல் தாண்டி ஒரு சில்லை வரவழைத்திருக்கிறோம். வாங்கினவர் இன்ஜினியர். வழிகாட்டினவர் நிபுணர். மாட்டினவள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கூடம்தான் கோணல் என்று கண்ணுக்குத் தெரிந்தும், ஆடுகிறவளின் காலை மாற்றிப் பார்க்கிறார்கள்.

அன்றைக்கே அவருக்குப் போனில் செய்தி அனுப்பினேன். ஹாலில் ஓடியது, அடுப்படியில் அணைந்தது, இதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை, நீங்களே மாமாவிடம் சொல்லுங்கள் என்று. "கண்டிப்பா, இன்னைக்கே பேசுறேன்" என்று பதில் வந்தது.

போன் வந்தது. ஹால், ஸ்பீக்கர், சபை கூடியிருந்தது. முந்திரி விலை முடிந்தது. குழம்பு முடிந்தது. நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா... அந்தக் கம்ப்யூட்டர்..."

"சொல்லுப்பா. என்ன கம்ப்யூட்டருக்கு?"



"இல்லப்பா, நல்லா ஓடுதான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் ஓடுது. அது அங்க போன நேரந்தான் ஒனக்கே வேலையில ஒசந்துச்சு."

"ஆமாப்பா. அங்கேயே இருக்கட்டும். நான் பெரிய ஃபேனா ஒண்ணு வாங்கி அனுப்புறேன்."

அப்புறம் போனை என்னிடம் நீட்டினார்கள். "நல்லா இருக்கியா?" என்றார் அவர். "நல்லா இருக்கேன், நீங்க?" என்றேன். வேறென்ன சொல்வது? பாலைவன வெயிலில் நூறு ஆளை நிறுத்தி வேலை வாங்குகிற சூப்பர்வைசருக்கு, பெற்ற அப்பனிடம் ஒரு பெட்டியை நகர்த்தச் சொல்ல வாயில் கொழுக்கட்டை. அதுவரை அருள்மணியை இளக்காரமாகப் பார்த்தேன், மாமனாரைப் பார்த்தேன், மாமியாரைப் பார்த்தேன். அன்றுதான் முதல்முறையாக இந்த மனுஷனை அப்படிப் பார்த்தேன். பார்த்ததில் எனக்கே பயமாக இருந்தது.

இரண்டு நாள் பொறுத்தேன். பிறகு நேராக மாமனாரிடம் போனேன். வாசலில் சாக்கைப் பிரித்துக் கொட்டையில் கையளவு அள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னென்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் ஒரு பிரசங்கமே தயாராக வைத்திருந்தேன். அழவேண்டி வந்தால் அழுவதற்கும் தயாராக இருந்தேன்.

"மாமா, கம்ப்யூட்டரை என் ரூமுக்கே எடுத்துட்டுப் போயிர்றேன். அடுப்படிச் சூட்டுல அணைஞ்சு அணைஞ்சு போகுது."

நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த கொட்டைகளைச் சாக்கில் போட்டார்.

"அடுப்புக்குப் பக்கத்துல வச்சா சூடாகத்தானே செய்யும்" என்றார். "இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன ஆத்தா?"

பிரசங்கத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. "ஒங்க மகன்கிட்ட சொல்லியிருந்தேன் மாமா."

"அவன் ஒண்ணும் சொல்லலையே. அங்கேயே இருக்கட்டும்னுல்ல சொன்னான்."

"அப்ப வாஸ்து?"

"அதுக்கென்ன, எல்லாத்துக்கும் பரிகாரம் இருக்கு. அருள்மணிகிட்ட கேட்டா ஒரு வழி சொல்லப் போறாரு."

அங்கேயே போனைப் போட்டார். அருள்மணி யோசிக்கக்கூட இல்லை. பெட்டிக்கு அடியில் ஒரு செம்புத் தகடு வைத்தால் போதும், ஈசானியம் என்ன, எந்த மூலையிலும் வைக்கலாமாம். தகடு அவரிடமே கிடைக்குமாம். முக்கால் வருஷம் நான் பட்ட புழுக்கம் ஒரு தகட்டில் அடங்குகிற சமாசாரம். மாமனார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். "பெட்டி கனமா இருக்கும், நீ ஒத்தையில தூக்காத. நான் அங்கிட்டுப் புடிக்கிறேன்" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு போனோம். மாமியார் மிக்சியைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தார். அவருக்கும் உள்ளூர நிம்மதிதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்டிக்கு அடியில் செம்புத் தகடு பளபளத்தது. ஜன்னலில் காற்று வந்தது. ஃபேன் சத்தமே இல்லாமல் ஓடியது. அவர் வந்தார். கோட்டையில் நாங்கள் இதுவரை போகாத மதில்வரை ஏறிவிட்டோம்.

"எப்புடி ஒத்துக்கிட்டாரு அப்பா?" என்றார்.

"கேட்டேன். சரின்னாரு."

"நெசமாவா? கோவப்படலையா?"

"பெட்டிக்கு ஒரு பக்கம் அவருதான் புடிச்சாரு."

"அடேங்கப்பா!" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு கூச்சமும் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்டேன்.

"விசாவுக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

பழக்க தோஷத்தில் என் கண் திரைக்குத்தான் போனது. திரை கறுக்கவில்லை. சூடு எவ்வளவு என்று ஓரத்தில் காட்டும் எண் நின்ற இடத்தில் நின்றது. மதிலுக்கு மேலே அவருடைய திருடன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றுகொண்டிருந்தான்.

"கேக்குதாங்க?"

"கேக்குது."

"என்ன சொல்றீங்க?"

"நேரம் பாத்துத்தான் கேக்கணும் இலக்கியா. இப்ப முந்திரி சீசன், அப்பா டென்ஷன்ல இருப்பாரு. அம்மாவுக்கும் ஒத்தாசைக்கு ஆள் வேணும். இப்பப் போயி பொண்டாட்டிய அனுப்புங்கன்னா என்ன நெனைப்பாங்க? ஒரு ஆறு மாசம் போகட்டும்."

ஆறு மாசத்துக்கு முன்னால் கேட்டபோதும் இவரிடம் இருந்த பதில் இதுதான். எனக்குத்தான் அது கேட்கவில்லை. சூட்டில் அணைந்து அணைந்து அந்தப் பழைய பெட்டி இத்தனை மாதம் இவருடைய மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான் அதைக் குத்தினேன், திட்டினேன், சனி என்றேன். அதன் மூளையைக்கூடப் பிடுங்கி மாற்றினேன். பிடுங்கி மாற்ற வேண்டியது வேறெங்கோ இருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, ஆத்திரமாக இருந்தது. இந்த ஆளை நம்பி வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக ஸ்டூலில் உட்கார்ந்து வெந்தேனே என்று என் மேலேயே இளக்காரமாக இருந்தது.

அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை. எழுந்து அறைக் கதவைத் திறந்தேன். ஹெட்செட் கழுத்தில் கிடந்தது.

"மாமா!" என்று வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டேன். "ஒரு நிமிஷம் இங்கிட்டு வாங்களேன்."

கழுத்துக்குக் கீழே அவர் குரல் பதறியது. "ஏய், இலக்கியா, இப்ப வேணாம். அப்பாவ எதுக்குக் கூப்புடுற? நான் பேசிக்கிறேன். வேணாம்னு சொல்றேன்ல..."

மாமனாரின் செருப்புச் சத்தம் கூடத்தில் கேட்டது. அது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். குரல் நின்றது. திரும்பிப் பார்த்தேன். மதில் மேல் என் திருடன் மட்டும் நின்றான். கூட விளையாடுபவர் வெளியேறிவிட்டார் என்று திரையில் எழுத்து வந்திருந்தது. என் பெட்டியில் ஃபேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் வாசற்படியில் வந்து நின்றார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னாத்தா, மறுபடியும் அணைஞ்சு போச்சா?"

"இல்ல மாமா. கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது" என்று நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன். "உக்காருங்க. ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."